நிறுவனர் அத்தானின் இணைப்புகள்

அந்தப் பேச்சு அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. அக்காவின் கணவர் தட்டுகளை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். பல் மருத்துவமனைக்காக அவர் செய்து முடித்திருந்த முன்பதிவுப் பக்கம் திரையில் ஒளிர்ந்தது. அந்த மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் அக்காவின் தங்கை, இளையவள்தான் முதலில் கேட்டாள்.

“இது முழுக்க நீங்களே எழுதினதா அத்தான்?”

“எழுதறதுன்னா?”

“புரோகிராம்.”

“அதை எழுதறதுக்கு ஆளுங்க இருக்காங்க பாப்பா. நாம இன்டக்ரேட் பண்றோம். அதாவது, இதை அதோட இணைக்கிறோம்.”

“ஆளுங்கன்னா, உங்ககிட்ட வேலை பாக்கறவங்களா?”

“உலகம் பூரா இருக்காங்க.”

அக்கா பாத்திரத்தை மூடிக்கொண்டே சொன்னாள்: “உலகம் பூரா ஆள் வெச்சிருக்கீங்க. சமையல்கட்டு பல்பை மாத்த ஒருத்தனை அனுப்பக் கூடாதா?”

“நீ சும்மா இரு. அவ ரெண்டு பாஷை படிச்சவ, அவளுக்குப் புரியும். ஓப்பன் சோர்ஸ், பாப்பா. எல்லாருக்கும் பொது. யார் வேணா எடுத்துக்கலாம்.”

“எடுத்துக்கலாம். ஆனா கீழ உங்க பேரு இருக்கே. எழுதினவங்க பேரு எங்க?”

“பேரை வெச்சு அவங்க என்ன பண்ணப் போறாங்க? பேரு வேணும்னு நினைக்கறவன் சும்மா தூக்கிக் குடுப்பானா?”

இளையவள் அதற்குமேல் கேட்கவில்லை. பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவள் வழக்கம். இந்த மனிதரைப் பொறுத்தவரை கேட்பதற்குப் பஞ்சமே இருந்ததில்லை.

குடும்பத்தில் அவரை ‘நிறுவனர்’ என்று அழைத்தார்கள். கேலி என்று அவருக்கு மட்டும் தெரியாது. அட்டையிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தார். முதலில் அவர் நிறுவியது டிரோன் படப்பிடிப்பு. ஒரு கல்யாணத்தில் மணமக்களை விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் படமெடுத்த டிரோன், அந்தத் தொட்டிக்குள்ளேயே விழுந்தது. பிறகு பங்குச்சந்தை ஆலோசனைக் குழு ஒன்றை நிறுவினார். உறுப்பினர்கள் ஆலோசனை கேட்கத் தொடங்கியதும் அதைக் கலைத்தார். நிறுவப்பட்டவை ஒவ்வொன்றாக மண்ணைக் கவ்வின. நிறுவனர் மட்டும் அப்படியே இருந்தார், சலவைச் சட்டை கலையாமல். கணக்கு அலுவலகத்தில் நாள் முழுக்கக் குனிந்திருந்த அக்காவின் முதுகில்தான் அந்த வீடு நின்றது.

கடைசியாக அவர் கண்டுபிடித்தது மென்பொருளை. கண்டுபிடித்தார் என்பதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் கிடந்ததைக் கண்டு, பிடித்துக்கொண்டார். அப்பாயின்ட்மென்ட் தரும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. அதை டாக்டரின் செல்போன் காலண்டரோடு இணைக்கும் சிறு செயலியை யாரோ ஒருவர் எழுதிப் பொதுவில் வைத்திருந்தார். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவர் பெயரை மட்டும் நீக்கக் கூடாது. அந்த ஒரே ஒரு நிபந்தனையைத்தான் நிறுவனர் மீறினார். பெயரைத் தேடி எல்லா இடத்திலும் மாற்றும் வசதியைத் திறந்தார். பழைய பெயர் கேட்ட கட்டத்தில் அந்த ஆளின் பெயர், புதிய பெயர் கேட்ட கட்டத்தில் தன் பெயர். ஒரே அமுக்கு. அவர் வாழ்நாளில் முழுதாக முடித்த வேலை அதுவாகத்தான் இருக்கும்.

“உன் ஆஸ்பத்திரில ஒரு வார்த்தை சொல்லுடி. இந்த ஒண்ணாவது நிக்கட்டும்” என்று அக்கா கேட்டதால் இளையவள் டாக்டரிடம் சிபாரிசு செய்தாள். டாக்டர் அம்மா கறாரானவர், ஆனால் நியாயமானவர். “நீ சொல்றியேன்னுதான்” என்று ஒப்புக்கொண்டார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. நோயாளிகள் முன்பதிவுப் பக்கத்தில் நேரத்தைத் தேர்ந்தார்கள். அது டாக்டரின் காலண்டரில் விழுந்தது. எதிர்த்திசையில்தான் எதுவும் வரவில்லை. டாக்டர் வேறொரு மருத்துவமனைக்கு அறுவை சிகிச்சைக்குப் போகும் நேரங்களைத் தன் காலண்டரில் அடைத்து வைத்தார். முன்பதிவுப் பக்கத்துக்கு அந்த அடைப்பு தெரியவே இல்லை. டாக்டர் இல்லாத நேரங்களையும் அது தாராளமாக வழங்கிக்கொண்டே இருந்தது.

ஒரு முற்பகலில் தாடை வீங்கிய பெரியவர் ஒருவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அவர் மகள் வந்தாள். அறையில் டாக்டர் இல்லை.

“உறுதின்னு மெசேஜ் வந்திருக்கு, பாருங்க. நாலு வண்டி மாறி வந்திருக்கோம். டாக்டர் இல்லைன்னா என்னங்க அர்த்தம்?”

“மன்னிச்சுக்கங்க அம்மா, சிஸ்டத்துல...”

“சிஸ்டமா? எங்கப்பா சிஸ்டத்துக்கா வாயைக் காட்டணும்?”

பெரியவர் பேச முடியாமல் கையால் மகளை அமர்த்தினார். அந்தக் கையைப் பார்க்க இளையவளால் முடியவில்லை. இப்படி நடப்பது அது முதல் தடவையும் அல்ல.

மறுநாள் டாக்டர் நிறுவனரைத் தொலைபேசியில் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். இளையவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

“சாஃப்ட்வேர் பக்காவா இருக்கு மேடம்” என்றது அந்தக் குரல். “உங்க ஸ்டாஃப் ரெஃப்ரெஷ் பண்ண மறந்திருப்பாங்க. ஹ்யூமன் எரர்.”

உங்க ஸ்டாஃப். அவர் வீட்டுக்கு உறைபோட்ட தலையணையும் வாடகை முன்பணமும் கொண்டுபோய்க் கொடுத்த மைத்துனி அவள்.

டாக்டர் போனை வைத்தார். “அவர் உன்னைச் சொல்றார். நீ அவரைச் சொல்லுவே. எனக்கு யாருன்னு முக்கியம் இல்லம்மா. திங்கட்கிழமைக்குள்ள சரியாகலைன்னா இந்தச் சாமானும் வேணாம், மேசைக்கு வேற ஆளையும் பாத்துக்கறேன்.” பிறகு, போகத் திரும்பியவர் நின்று கேட்டார்: “ஆமா, உங்க அத்தானுக்கு மூணு பொண்ணுங்களா?”

“இல்லையே டாக்டர். குழந்தையே இல்ல.”

“அவர் வெப்சைட்ல ‘எங்களைப் பற்றி’ன்னு இருக்கே, இங்கிலீஷ்ல. படிச்சுப் பாரு.”

படித்தாள். நிறுவனர் ஒரு பள்ளியில் கணிதம் கற்பிப்பதாகவும், தன் விடுமுறைகளை இந்தச் செயலிக்குக் கொடுத்ததாகவும், அதைப் பொறுத்துக்கொண்ட மூன்று மகள்களுக்கும் நன்றி சொல்வதாகவும் அதில் இருந்தது. தேடி மாற்றும் வசதி சொன்னதைச் சரியாகச் செய்திருந்தது. நிறுவனர்தான் மாற்றியதைப் படிக்கவில்லை. ஒரு மனிதனின் பிள்ளைகளைக்கூட விட்டுவைக்காமல் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறோம் என்பதே தெரியாமல், அதைப் பெருமையாக மூன்று மருத்துவமனைகளுக்குக் காட்டியும் இருந்தார்.

அக்காவிடம் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள். “மூணும் பொண்ணா? கல்யாணச் செலவுக்கு என்ன பண்றதாம்?” என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “உன் வேலை போயிடுமாடி?” என்று கேட்டாள்.

வேலை போகவில்லை. அந்தக் கணித ஆசிரியருக்கு அவளே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினாள். நடந்தது அத்தனையும் எழுதினாள், யார் எதை அழித்தார் என்பது உட்பட. ஞாயிற்றுக்கிழமையே பதில் வந்துவிட்டது. காலண்டரில் ஏற்படும் மாற்றங்கள் திரும்பி வந்து சேரும் முகவரியிலும் அவருடைய பெயர் ஒரு பகுதியாக இருந்ததாம். முகவரியைப் பழைய பெயரில் பதிவு செய்துவிட்டுப் பிறகு பெயரை மாற்றியதால், வந்த செய்திகள் எல்லாம் இல்லாத வாசலைத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கின்றன. எந்த வரியில் எதைத் திருத்த வேண்டும் என்று பொறுமையாக எழுதியிருந்தார். திட்டவில்லை. பெயரைத் திரும்ப வைத்தால் மகள்கள் சந்தோஷப்படுவார்கள் என்று மட்டும் முடித்திருந்தார். டாக்டர் திங்கட்கிழமை எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, “நீயே பாத்துக்கோ. அவரை இனி இங்க பாக்கக் கூடாது” என்றார்.

நிறுவனர் இப்போது அந்த மருத்துவமனையைத் தான் ‘விட்டுவிலகியதாக’ச் சொல்லிக்கொள்கிறார்.

அந்தக் கடிதத்தை எழுதும் யோசனை முதலில் அவருடையதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை மாலை மருத்துவமனைக்கு வந்து, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“பாப்பா, உன் இங்கிலீஷ் நல்லா இருக்கும். இதை எழுதின ஆளுக்கு ஒரு மெயில் போட்டுக் குடேன், அட்ரஸ் என்கிட்ட இருக்கு. ஏழைங்களுக்கு இலவசமா பாக்கற ஆஸ்பத்திரின்னு போடு, மனசு இளகுவான். உன் பேர்லயே அனுப்பிடு. என் பேரு மட்டும் எங்கயும் வராம பாத்துக்கோ.”