முழங்கால் வலிக்கு ஒரு பிட் நோட்டீஸ்

வரைவு ஒன்றைச் சுற்றுக்கு விட்டு, குறித்த கெடுவுக்குள் யாரும் மறுப்பு எழுதாவிட்டால், ஆட்சேபணை இல்லை எனக் கொள்ள வேண்டும். சித்தூரில் அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தவரை எத்தனையோ கோப்புகளை இந்த விதியைக் கொண்டே நகர்த்தியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பின் ஒரே ஒரு காகிதத்துக்கு அதைப் பயன்படுத்தினேன். என் மகளின் பிட் நோட்டீஸுக்கு.

மகள் பிசியோதெரபிஸ்ட். மணவாழ்க்கை முறிந்து திரும்பி வந்தவள், திருச்சானூரில் ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில் அறை எடுத்தாள். திருமலைப் படியேறி முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கும் பக்தர்கள் வருவார்கள் என்பது கணக்கு. மூன்று மாதம் பார்ப்போம், ஆள் வராவிட்டால் அறை டிராவல்ஸ்காரருக்கு என்று லாட்ஜ் முதலாளி சொல்லியிருந்தார். இரண்டு மாதம் முடிந்தபோது நாளுக்கு இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்பவர்.

நோட்டீஸை நானே வடிவமைத்தேன். நீல வானம், மலைக்குப் பின்னாலிருந்து பாயும் கதிர்கள். முன்னால் ஒருவர் வேதனை முகத்தோடு மண்டியிட்டிருப்பார். மேலே தெலுங்கிலும் தமிழிலும், ‘சோர்ந்துபோனீரோ? உமக்கு விடுதலை உண்டு!’ முழங்கால் வலி என்பது அடியில், சிறிய எழுத்தில்.

“வெளியாளுங்க யாருக்காச்சும் காமிச்சியா நைனா?” என்றாள் மகள்.

“அஞ்சு பேருக்கு அனுப்பியிருக்கேன். ஏழு நாள் கெடு.”

“அஞ்சும் நம்ம சர்ச் சபை ஆளுங்க.”

“படிச்சவங்க.”

நான்கு பேர் பதில் எழுதவில்லை. போதகர் மட்டும், ‘மனதைத் தொட்டது’ என்று எழுதினார். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். இரண்டாயிரம் அச்சடித்தேன்.

சனிக்கிழமை காலை, வெள்ளைச் சட்டையும் ஜோல்னாப் பையுமாக ஷேர் ஆட்டோ நிற்குமிடத்தில் நின்றேன். முதலில் கை நீட்டிய பெண்மணி படத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். அடுத்தவர் வாங்கிய வேகத்தில் திருப்பித் தந்தார். பூ விற்கும் புத்தூர்க்கார அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

“இன்னா பெரியவரே, சாமி கும்பிட வந்தவங்களாண்ட மதம் மாத்திக்கினு கீறியே, வெக்கமா இல்ல?”

“அம்மா, இது முட்டிவலிக்கு.”

“இப்படித்தான் ஆரம்பிப்பீங்க. மொதல்ல முட்டி வலிக்குதாம்பீங்க, அப்பறம் முட்டி போடுன்னுவீங்க!”

ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். கையிலிருந்ததை அப்போதுதான் ஒரு வெளியாளாகப் பார்த்தேன். அறுபத்தைந்து வருடமாக நான் ஆசையோடு வாங்கிப் படித்த ஒரே துண்டுக் காகிதம் சபை நோட்டீஸ்தான். என் கைக்கு வேறு வடிவம் தெரியாது.

அடுத்த வாரத்தில் வந்துகொண்டிருந்த இரண்டு பேரும் நின்றுபோனார்கள். “ஜெபம் பண்ற ரூம்பு இதானே?” என்று ஒருவர் மட்டும் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு போனார். மகள் காலியான கட்டிலுக்குத் தினமும் புது விரிப்புப் போட்டாள். அதைப் பார்க்க முடியாமல் நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

பெங்களூரில் இருந்த முதலாளிக்கு மனு எழுதினேன். இன்னும் ஒரு மாதம், புது நோட்டீஸ், தவறு முழுக்க என்னுடையது. பதிவுத் தபாலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று. வாட்ஸ்அப்பைத் திறந்து திறந்து பார்த்தேன். நீல டிக் விழவே இல்லை. நான் யாரிடமும் இப்படிக் கெஞ்சி எழுதியதில்லை.

மூன்று மாதம் முடியும் ஆகஸ்ட் கடைசி நாள் மகள் கேட்டாள்: “பதில் வரல இல்ல? உன் ரூல்படி ஆட்சேபணை இல்லன்னுதானே அர்த்தம்? இருந்துக்கலாமா நைனா?”

அந்த விதி கோப்பைக் கையில் வைத்திருப்பவனுக்கு, மனு கொடுத்தவனுக்கு அல்ல. நான் மீதி நோட்டீஸைக் கட்டி ஜோல்னாப் பைக்குள் வைத்தேன். அவளே விரிப்பை மடித்தாள், மேனேஜரிடம் சாவியைக் கொடுத்தாள். நாங்கள் படியிறங்கும்போதே டிராவல்ஸ் போர்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. சித்தூர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள், ஊர் வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

முதலாளியின் பதில் தெலுங்கில், ஒரே வரி. ‘ஒரு மாசம்தானே சார், தாராளமா இருங்க, இப்பதான் பார்த்தேன்.’ அது வந்த தேதி செப்டம்பர் இரண்டு.