மைப்புள்ளி வைத்த செம்பல்லி

அப்பாவுக்கு அவர் வாய்தான் எதிரி. அத்தையைப் பெண் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து வருவதாக இருந்தவர்கள், மலையில் நல்ல மீன் கிடைக்குமா என்று பேச்சுக்குத்தான் கேட்டார்கள். அப்பா போனிலேயே, "செம்பல்லியே போட்டுருவோம், வாங்க" என்று சொல்லிவிட்டார். செம்பல்லி கடலுக்கடியில் பவளப்பாறை இடுக்குகளில் திரிகிற சிவப்பு மீன். நாங்கள் இருந்ததோ இடுக்கியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில்.

வெள்ளிக்கிழமைதோறும் போடிமெட்டு வழியாக மீன் வண்டி வரும் என்ற தைரியம் அவருக்கு. அந்த வாரம் பார்த்து மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி வரவில்லை. விருந்தாளிகள் மட்டும் வேறு வழியாகச் சுற்றி வந்துவிடுவதாகத் தகவல் அனுப்பினார்கள்.

அத்தைக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையின் போட்டோவை அவள் தன் துணிப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள். மீன் விஷயத்தில் இதுவும் கெட்டுவிடுமோ என்று அவள் முகமே வாடிவிட்டது.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, காலையில் அணைப் பக்கம் போய் ஒரு சிவப்புச் சிலேபியோடு வந்தார். குளத்திலும் அணையிலும் வளர்க்கிற மீன். கடலை அது கண்டதே கிடையாது. "கலர் வந்துருச்சு. புள்ளி ஒண்ணுதான் குறை" என்றார். எப்போதோ மீன் வண்டியில் உள்ளங்கை அளவு செம்பல்லி ஒன்றை, விலாவில் கரும்புள்ளியோடு பார்த்திருக்கிறார். அத்தையின் மை டப்பாவை எடுத்து வந்து, "உன் பெருவிரல்தான் சரியான அளவு, வை" என்றார். ஒன்பது வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பொறுப்பு வந்ததில்லை. நன்றாக அழுத்தி வைத்தேன். கை கழுவப் போகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று, அடுப்படி வாசலில் வாழை இலை போட்டு மீனைக் கிடத்தினார்கள். காவலுக்கு நான்.

கை கழுவ முதலில் வந்தவர் மாப்பிள்ளை. மீனைப் பார்த்ததும் குந்தி உட்கார்ந்தார். விரலால் அதன் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தார். புரட்டிப் போட்டார். அந்தப் பக்கம் புள்ளியே இல்லை. பிறகு என் பெருவிரலைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"இதுக்கு ரெண்டு பக்கமும் புள்ளி இருக்கும், பிள்ள" என்றார் மெதுவாக. "இங்கயும் ஒண்ணு வச்சிரு. எங்கம்மா பொரட்டிப் பாப்பாங்க."

வைத்தேன். அந்த அம்மாள் வந்து, மகன் சொன்னபடியே புரட்டிப் பார்த்தார். "என்னல, இம்புட்டுப் பெரிய மீனுக்குப் புள்ளி இப்படிக் கருப்பா இருக்கு?"

"மலைத் தண்ணியில கழுவுனா அப்படித்தாம்மா தெரியும். நல்ல செம்பல்லி."

அவர் மீனை விட்டுவிட்டு மகனையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, அறுக்கச் சொல்லு" என்று போய்விட்டார். குழம்பில் சேற்று வாடை அடித்தது. மாப்பிள்ளை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிற்பாடு நான் மீன்களைப் பற்றியே படித்தேன். செம்பல்லிக்கு முன்வாயில் நாய்ப்பல் போலக் கூரான பல் உண்டு. சிலேபிக்கு அரம் மாதிரிப் பொடிப்பல்தான். புள்ளி பளிச்சென்று இருப்பது குஞ்சுப் பருவத்தில். ஆற்று முகத்துவாரத்தில் வளர்ந்து, பெரிதாகிப் பாறைக்குப் போகப் போக அது மங்கிவிடும். இரண்டு கிலோ மீனுக்கு நான் வைத்தது, மீசை நரைத்தவர் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்த மாதிரி. கடற்கரையில் பிறந்த யாருக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. அவர்கள் பஸ் ஏறியதும் அத்தையைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன். "பெத்த அம்மாகிட்டயே பொய் சொல்றாரு. இந்த ஆளு வேண்டாம் அத்தை."

அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். மறுபடியும் கேட்டாள். ஒரு பொய்க்கார மாப்பிள்ளையைப் பற்றி இவ்வளவு தூரம் எச்சரிக்கிறேன், இவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே இருக்கிறாளே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.