ஒரு டம்ளர் கடல் தண்ணீர்

பாறசாலையில் எங்கள் வீட்டில் பவளம் வளரும் கடல் மீன் தொட்டி உண்டு. அதற்கான தண்ணீரைப் பொழியூரில் மீன் பிடிக்கும் சேவியர் அண்ணன்தான் ஆழக்கடலில் கோரியெடுத்து, கேனில் கொண்டுவந்து தருவார்.

போன வருடம் தொட்டிக் கண்ணாடியெங்கும் துரு நிறத்தில், அரிசியளவில் தட்டைப்புழுக்கள் பரவின. ஒருநாள் காலை தண்ணீரோடு வந்தவரிடம், "உங்க தண்ணியிலதான் புழு வந்திருக்கு அண்ணே. கரையில கோரினியளா?" என்று கேட்டேன்.

"கரைத்தண்ணி தருவேனா மக்கா? இது தெளிஞ்ச தண்ணியாக்கும்" என்றார். நான் கேனை வாங்கவில்லை. திருப்பி எடுத்துப் போனார்.

பிறகு புழு மருந்தை ஊற்றினேன். புழுக்கள் கூட்டமாகச் செத்தன. சற்று நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. பதறிப்போய், எனக்குப் பவளத் துண்டு தந்த நண்பனை அழைத்தேன்.

"செத்த புழு விஷம் விடும், உடனே தண்ணிய மாத்து. அந்தப் புழு என் தொட்டியிலயும் உண்டு. பவளத்த மருந்தில முக்காமலா உள்ள விட்ட?" என்றான்.

அப்படியேதான் விட்டிருந்தேன்.

வேறு வழியில்லாமல் சேவியர் அண்ணனைக் கூப்பிட்டேன். "வாறேன்" என்று மட்டும் சொன்னார். காலையில் நான் திருப்பியனுப்பிய அதே கேனோடு வந்தார். தண்ணீரை மாற்றியதில் இரண்டு மீன்கள் மட்டும் பிழைத்தன. தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன்.

இப்போது புதுப் பவளத்தை மருந்து நீரில் முக்கி, தனி வாளியில் பல நாள் வைத்துப் பார்த்த பிறகே தொட்டியில் விடுகிறேன். புழு தெரிந்தால், குழாயால் உறிஞ்சி எடுத்த பிறகுதான் மருந்து.

சேவியர் அண்ணனும் ஒன்றை மாற்றிக்கொண்டார். கேனைத் திறந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கோரி, வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டிய பிறகே ஊற்றுகிறார். வேண்டாம் என்று பலமுறை சொல்லிவிட்டேன்.

"பாத்துக்கோ மக்கா" என்கிறார்.