டீசல் வண்டி தேடி மூன்று ஷோரூம்

காலை 9.10. ஆதம்பாக்கத்திலிருந்து கிளம்பினோம். ஓட்டியவர் என் எதிர்வீட்டு வாடகைக்கார் டிரைவர் சேகர், பேச்சுத்துணைக்கு நான். அவருடைய பதினோரு வருஷத்து டீசல் கார் கரும்புகை கக்கிக்கொண்டு, ஸ்கூட்டிகளுக்கெல்லாம் வழிவிட்டு மேம்பாலம் ஏறியது. இன்ஜின் போச்சு என்று தெரு மெக்கானிக் கைவிரித்துவிட்டாராம். பத்து நாளில் நாகப்பட்டினத்தில் மகள் சுகந்திக்கு வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே அழைத்துவர வேண்டும், முந்நூறு கிலோமீட்டர். வேறு வண்டியில் வரட்டுமே என்றேன்.

"வயித்துப் புள்ளக்காரிய எவனோ ஓட்டற வண்டில ஏத்துவனா? நீ இன்னா சார்."

10.05, அடையாறு. சேகர் கேட்ட மாடலில் டீசலை நிறுத்தி ரொம்ப நாளாச்சு என்றார்கள். வெளியூர் ஓட்டத்துக்கு டீசல்தான் கட்டுப்படியாகும் என்று சேகர் சொல்லச் சொல்ல, விற்பனையாளர் செல்போனுக்குத் திரும்பிவிட்டார். வெளியே டீ பதினைந்து ரூபாய்.

11.40, தி.நகர். டீசல் இருந்தது, பெரிய ஏழு சீட்டு வண்டியில் மட்டும். அங்கிருந்தவர் எங்கள் செருப்பைப் பார்த்துவிட்டு, வாங்க வந்தீர்களா, பார்க்க வந்தீர்களா என்றார். "பாக்காம எப்பிடி வாங்கறது நைனா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார் சேகர்.

1.15, மயிலாப்பூர். கவிதா என்ற பெண் முதலில் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் நோட்டை விரித்து, டெலிவரி எப்போது எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

"தை பொறந்ததும்னு டாக்டரம்மா சொல்லிக்கிறாங்கமா. சுகப்பிரசவமா ஆவணும்."

பேனா அப்படியே நின்றது. நான்தான் முதலில் சிரித்தேன். விஷயத்தைக் கேட்டதும் கவிதா நோட்டை மூடிவிட்டார். டீசல் வண்டி வர மூன்று மாசம் ஆகும் என்று மறைக்காமல் சொன்னார். பழைய வண்டியைப் பின்கட்டு சர்வீஸுக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்தவர் பானெட்டைத் திறந்து, விளக்கடித்துப் பார்த்து, டர்போவின் காற்றுக்குழாய் கிழிந்திருக்கிறது, இன்ஜினுக்கு ஒன்றுமில்லை என்றார். சேகர் அவரை இரண்டு தரம் சொல்லவைத்தார்.

"புது வண்டி மெதுவா பாத்துக்கலாம்ணா. இதுலயே போய் பொண்ணக் கூட்டிட்டு வாங்க," என்றார் கவிதா. அன்றைக்கு அவர் விற்றது ஒரு ரப்பர் குழாய்.

3.20. கிளம்புமுன் சேகர் நாகப்பட்டினத்துக்குப் போன் போட்டார். "அப்பாவே வரேன்மா," என்றார்.

திரும்பும்போது புகையில்லை. ஆனாலும் வண்டி ஊர்ந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் நின்று, அலுங்காமல் ஏறி, அலுங்காமல் இறங்கியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அதான் சரியாகிவிட்டதே, மிதிக்க வேண்டியதுதானே என்றேன்.

"பழகிக்கினு கீறேன் சார்," என்றார்.