நசீம் வாசிக்காத கேசட்

உத்தமபாளையத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்த நசீமுக்குக் கோபமே வராது என்றுதான் ஊரில் பேர். தோப்புக்காரர்கள் எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போட்டுவிட்டு ஆளாளுக்கு அவசரப்படுத்துவார்கள். அவன் சிரித்துக்கொண்டே கம்பிக் காயில் சுற்றுவான். அப்படிப்பட்டவனை 2003-ஆம் வருஷம் ஒரு கேசட் ஒரு வாரம் பேயாட்டம் ஆட வைத்தது. ஆடியதில் தப்பே இல்லை என்பேன்.

அவன் வாசித்தது பேஸ் கிடார். இந்தப் பக்கம் அதைப் பார்த்தவர்கள் எல்லாரும், நாலு தந்திதான் இருக்கு, மிச்சம் ரெண்டும் அறுந்துபோச்சா என்று கேட்பார்கள். கல்யாணக் கச்சேரிகளில் பத்து வருஷம் பின்வரிசையில் நின்றே வாசித்தான். பிறகு சின்னமனூர் ரைஸ்மில்காரர் மகன் சூரியபிரகாஷ் பாட, கர்ணன் டிரம்ஸ் அடிக்க, மூன்று பேருமாகச் சேர்ந்து ‘கொண்டை ஊசி’ என்று ஒரு ராக் குழு ஆரம்பித்தார்கள். ரெண்டு வருஷம் மில் குடோனில் மூட்டைகளுக்கு நடுவே நின்று எட்டுப் பாட்டு உருவாக்கினார்கள். சொந்தப் பாட்டு, முதல் ஆல்பம். நசீமுக்குத் தலைகால் புரியவில்லை.

மதுரையில் ஒரு ஸ்டுடியோவை ரெண்டு நாள் பிடித்தார்கள். முதல் நாளே நசீம் எட்டுப் பாட்டுக்கும் வாசித்து முடித்துவிட்டான். மறுநாள் கடையில் அவசர வேலை என்று ராத்திரியே ஊருக்குத் திரும்பினான்.

வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்னால் கேசட் வந்தது. அட்டையில் அவன் போட்டோ, பேர், எல்லாம் பளிச்சென்று இருந்தது. கடையில் போட்டுக் கேட்டான். முதல் பாட்டிலேயே கையில் இருந்த கம்பிச் சுருளைக் கீழே வைத்துவிட்டான். அது அவன் கை இல்லை. எட்டுப் பாட்டிலும் இல்லை.

நேரே மில்லுக்குப் போய் நின்றான். சூரியபிரகாஷ் ஒளிக்கவும் இல்லை.

“தாளத்துக்கு ஒரு நூல் பிந்துதுன்னு இன்ஜினியர் சொன்னாப்ல. நீ வாசிச்சதை எடுத்துட்டு கீபோர்டுல அடிச்சுச் சேத்துட்டோம். ஒன் பேரு போட்டிருக்கோம்ல மாப்ள, யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்லடா,” என்றான் நசீம்.

கூப்பிட்டிருந்தால் விடிவதற்குள் வந்து இன்னொரு தடவை வாசித்திருப்பான். ஒரு போன் போட அவர்களுக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு ஸ்டுடியோவில் இருந்த கர்ணனும் வாயைத் திறக்கவில்லை. என்ன ஜென்மங்களோ! அதைவிட அவன் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது ஊரார் பாராட்டு. கேசட்டுல பின்னிட்டியாமே என்று டீக்கடையில் ஒருத்தர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்தவன் சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் கூசிப்போனான். மேடையில் எல்லார் முன்னாலும் உண்மையை உடைத்துவிடுவது என்று முடிவெடுத்தான்.

தேனியில் கல்யாண மண்டபம் பிடித்திருந்தார்கள். தலைமை தாங்க வந்த பெரிய மனுஷர் ஒன்றரை மணி நேரம் தாமதம். அதுவரை கேசட்டின் எட்டுப் பாட்டையும் ஸ்பீக்கரில் ஓடவிட்டார்கள். அவர் வெளியிட, இன்னொருத்தர் முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டார். ஒவ்வொருத்தருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். நசீம் முறை வந்ததும் மைக்கைப் பிடித்தான்.

“இந்தக் கேசட்ல நான் ஒரு தந்தியைக்கூடத் தொடல. என் பேரை எடுத்துருங்க.”

மண்டபமே கை தட்டியது. நம் மேடைகளில் எனக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்று சொல்லாமல் யார் இறங்கியிருக்கிறார்கள்? நெசமாத்தான் சொல்றேன் என்று அவன் கத்தினான். கைதட்டல் கூடியது. இந்தத் தன்னடக்கம்தான் கலைஞனுக்கு அழகு என்று தலைவர் இன்னொரு பொன்னாடையைப் போர்த்தினார். சூரியபிரகாஷ் கட்டிப்பிடித்து, “கும்புடுறேன்டா, இத்தோட விட்டுரு,” என்று காதில் சொன்னான். நசீம் அவன் கையைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கினான்.

அவன் மனைவி ஷாஜியா பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கேசட் சமாசாரத்தை அவளிடம் அவன் சொல்லவே இல்லை, வெட்கம். அவளை யாரும் ஒருநாளும் குடோனுக்குக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு முன்னால் டிரம்ஸோ பாட்டோ அவள் கேட்டதில்லை. கடையை அடைத்து வந்து அவன் வீட்டில் தனியாக அந்தப் பாட்டுகளுக்கு வாசித்துப் பழகுவது மட்டும்தான் ரெண்டு வருஷமாக அடுப்படியில் அவள் காதில் விழுந்தது.

பஸ் ஸ்டாண்டில் ஊர் வழியாகப் போகும் கம்பம் பஸ்ஸுக்கு நின்றார்கள். அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் கேட்டாள்.

“கோவிக்காதீக மச்சான். எட்டுப் பாட்டும் போட்டாக, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க வீட்டுல வாசிப்பீகளே, அதுல ஒண்ணைக்கூடக் காணமே. அதெல்லாம் அடுத்த கேசட்டுல போடுவாகளா?”

நசீம் பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டான்.