என் கையை மறைத்த மூன்று மாதம்

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருடம் முந்தி, தை மாதத்தில், குளித்துவிட்டுச் சட்டை மாற்றும்போது அதைக் கண்டேன். வலது முன்கையில் வெள்ளையாக ஒரு படை. ஒரு சதக் குற்றிக் காசளவுதான் இருக்கும்.

நான் மருத்துவிச்சி திரேசம்மா. புருஷன் செத்த நாளிலிருந்து வாவிக்கரை ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்துச் சீவிக்கிறேன். தோணி அனுப்பினாலும் போவேன், ஏறாவூரிலிருந்து மாட்டுவண்டி வந்தாலும் போவேன். இந்தக் கையில் பெருவியாதி, குஷ்டம் என்றால்? வாவியின் நடுவே பெருவியாதிக்காரரை வைத்திருக்கிற தீவுக்குத் தோணியேறிப் போனவர் எவரும் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

டாக்குத்தரிடம் போகவில்லை. வெட்கம். இவள் என்ன பாவம் செய்தாளோ என்று ஊர் கேட்குமே. நீளக்கைச் சட்டை தைத்துப் போட்டேன். இரண்டு வீட்டிலிருந்து பிள்ளைப்பேற்றுக்கு ஆள் வந்தது. காய்ச்சல் என்று பொய் சொல்லி அனுப்பினேன். பச்சைப் பிள்ளைகளுக்கு என்னால் ஏதும் வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது.

பிறகு எல்லாரிலும் சந்தேகம். கிணற்றடியில் இரண்டு பெண்கள் மெதுவாகக் கதைத்தால் என்னைத்தான் கதைக்கிறார்கள். கோயிலில் என் பக்கத்தில் இருந்தவள் ஒருநாள் எழும்பி முன்வரிசை வாங்கில் போய் இருந்தாள். எட்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாரையும்விட மச்சாள் பிலோமினாவில்தான் சந்தேகம். அவ என் புருஷனின் அக்கா, பக்கத்து வளவு. வேலியால் என்னைப் பார்ப்பா. நான் அந்தப் பக்கம் கிறுகிப் பார்த்தால் முகத்தைத் திருப்புவா. கண்டுவிட்டா, ஊரெல்லாம் சொல்லித் திரிகிறா என்று முடிவுகட்டினேன். அவ கொடுத்தனுப்பிய மீன்கறியில் என்ன கிடக்கிறதோ என்று நாய்க்குக் கொட்டினேன். அந்த அளவுக்குப் போனேன்.

தவக்காலம் முழுவதும் ஒரே மன்றாட்டு: தாயே, இது எவர் கண்ணிலும் படக்கூடாது. படை பெருத்துக்கொண்டே போனது. மாதாவிலும் சந்தேகம் வந்தது, பார்த்துக்கொண்டும் பேசாமல் நிற்கிறாவே என்று.

பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தின் முன் முழங்காலில் நின்றேன். எத்தனை வருடம் கும்பிட்ட சுரூபம். ஆண்டவரை உடுப்பைக் கழற்றி, ஊர் பார்க்கத் தொங்கவிட்டு, சிரித்திருக்கிறார்கள். வெட்கம் என்னவென்று இவருக்குத் தெரியும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அழுது முடிந்தபோது என் மன்றாட்டு மாறியிருந்தது. "ஆண்டவரே, ஒருத்தரிட்டயாவது இதைச் சொல்ல எனக்கு வாய் தாரும்."

உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை விடிய, மச்சாள் என் வேலிக் கடப்படியில் வந்து நின்றா. உளவு பார்க்க வந்திருக்கிறா என்றே நினைத்தேன். தன் மகள் அன்னம்மாவுக்கு இது நிறைமாதம், தலைப்பிள்ளை, நீதான் பார்க்கவேண்டும் என்றா. எனக்கு ஏலாது என்றேன்.

"உன்ட கைக்காகத்தானே?" என்றா. "எனக்கு மாசியிலேயே தெரியும். ஒருத்தரிட்டயும் சொல்லல்ல. நீயாச் சொல்லுவாய் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன்."

சட்டைக்கையை மேலே இழுத்துவிட்டேன். "மச்சாள், எனக்குப் பயமா இருக்கு" என்றேன். மூன்று மாதத்தில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். அவ என் கையைப் பிடித்து, படையின் மேலேயே பெருவிரலை வைத்துத் தடவினா.

"வெளிக்கிடு, டாக்குத்தரிட்டப் போவம். நானும் வாறன்."

டாக்குத்தர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் ஊசியாலும் தொட்டுப் பார்த்தார். தொட்ட இடமெல்லாம் சொன்னேன். பிறகு ஏதோ எழுதினார். தீவுக்கு அனுப்புகிற கடிதம் என்று நினைத்து மச்சாளின் கையை இறுக்கிப் பிடித்தேன். அது களிம்பு வாங்குவதற்கான துண்டுச்சீட்டு. பெருவியாதி என்றால் தொட்டது தெரியாது, இது வெண்படை, எவருக்கும் ஒட்டாது என்றார். ஆனால் மாறுமென்று வாக்குத் தரமாட்டேன், பரவவும் கூடும் என்றார்.

பரவித்தான் விட்டது. என் கழுத்திலும் வாயோரத்திலும் இருப்பதை இங்கே கோயிலில் இருக்கிற நீங்களே பார்க்கிறீர்கள். அன்னம்மாவின் மகனை இந்தக் கைதான் ஏந்தியது. அதன்பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கையைக் காட்டி, இன்னதென்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன். சிலர் வேண்டாமென்று அனுப்பினார்கள். அன்றைக்கு அழுதேன். மறுகா, அழுகை ஓய்ந்ததும், கூப்பிட்ட வீட்டுக்குப் போனேன்.

வாங்கு மாறிப் போனவளிடமும் போய்க் கேட்டேன். அவளுக்குக் காது மந்தமாம், பிரசங்கம் கேட்கவில்லையாம். கிணற்றடியில் கதைத்தவர்கள் உண்மையாகவே என்னைத்தான் கதைத்திருக்கிறார்கள். அதையும் கேட்டுத்தான் அறிந்தேன். நெஞ்சு நொந்தது, ஆனாலும் அன்றிரவு நித்திரை வந்தது.

திருநாளுக்குத் தீவிலுள்ளவர்களுக்குப் பலகாரம் கொண்டுபோகிற தோணியில் இப்போது நானும் போகிறேன். அவர்களை எவ்வளவு அருவருத்தேன் என்பதை நினைக்க வெட்கமாயிருக்கிறது. அந்த வெட்கம் எனக்கு இருக்கவேண்டியதுதான்.

இரண்டு பேர் குரலைத் தாழ்த்தினால் இன்றைக்கும் எனக்குத் திக்கென்றுதான் இருக்கும். உங்களில் எவராவது எதையாவது மூடிக்கொண்டு இங்கே இருந்தால், சொல்ல ஒரு ஆளைக் காட்டும்படி ஆண்டவரிடம் கேளுங்கள். ஒருத்தரிலும் நம்பிக்கை வராவிட்டால், பூசை முடிந்ததும் என் வளவுக்கு வாருங்கள். நான் வெளியில் சொல்லமாட்டேன்.