தீச்சட்டி எடுத்த வெப்சைட்

"தம்பி, ரூம் திறந்து நாலு நாளாச்சு. தங்கணும்னு ஒரு போன் இல்ல. வர்ற ஒன்னு ரெண்டும் திருவிழாவுல ராட்டினம் இருக்கான்னு கேக்குறாக. நான் தோட்டம் வச்சிருக்கேனா, ராட்டினம் வச்சிருக்கேனா?"

பேசியவர் ராஜாத்தி அக்கா. கம்பத்துக்குப் பக்கத்தில் பன்னீர் திராட்சைத் தோட்டம், அதற்குள் புதிதாகக் கட்டிய மூன்று அறைகள். பள்ளி விடுமுறைக்கு வரும் குடும்பங்களை நம்பித்தான் கட்டினார். விடுமுறை போனால் அந்த வருடமே போனது. வெப்சைட் செய்துகொடுத்தவன் நான். தேனியில் இதே தொழிலில் தலை நரைத்தாயிற்று. என் மாமனார் இன்னும் என்னை ஜெராக்ஸ் கடைக்காரர் என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்.

நடந்தது இதுதான். வீரபாண்டித் திருவிழாவுக்கு அக்கா காப்புக் கட்டியிருந்தார். தீச்சட்டி எடுத்து முடிக்கும்வரை வீட்டில் கவுச்சி கூடாது. தங்க வருபவர்களோ நாட்டுக்கோழி உண்டா என்று கேட்காமல் செருப்பைக் கழற்றுவதில்லை. அதனால் அறைகளை மூடினார். வெப்சைட்டிலும் எல்லாப் பக்கங்களையும் எடுத்துவிட்டு ஒரே அறிவிப்பாகப் போடச் சொன்னார். மேலே ஒரு வரி போட்டால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். விரதத்தில் அரைகுறை கூடாதாம். காப்புக் கட்டியவரிடம் வாதாடும் தைரியம் எனக்கு இல்லை. அம்மன் படம், தீச்சட்டி, திருவிழா விவரம், கீழே 'தங்கும் அறைகள் இப்போது இல்லை' என்று போட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தேடுபொறியின் கிராலர் வந்துபோயிருக்கிறது. கிராலர் என்பது வெப்சைட் வெப்சைட்டாகப் போய்ப் பக்கங்களைப் படித்து நகல் எடுத்துவைக்கும் புரோகிராம். அந்த நகலைத்தான் கேஷ் காப்பி என்போம். நாம் தேடும்போது தேடுபொறி அந்த நிமிஷமே ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை. எடுத்துவைத்ததை வைத்துத்தான் யார் முன்னால், யார் பின்னால் என்று வரிசை போடுகிறது. அக்காவின் நகலில் திராட்சையும் இல்லை, அறையும் இல்லை. ஆகவே 'கம்பம் திராட்சைத் தோட்டம்' என்று தேடினால் அவர் பாதாளத்தில் கிடந்தார். 'வீரபாண்டித் திருவிழா' என்று தேடினால் முதல் பக்கத்தில் ஜொலித்தார். அக்கா சட்டியை இறக்கிவைத்துவிட்டார், வெப்சைட் இன்னும் இறக்கவில்லை.

திருவிழா முடிந்த அன்றே பழைய பக்கங்களை ஏற்றியிருந்தேன். நகல்தான் மாறவில்லை. மறுபடி வந்து பார்க்கச் சொல்லி ரெக்வெஸ்ட் கொடுத்தேன். எப்போது வரும் என்று அக்கா கேட்டார். தெரியாது என்றேன்.

"என் போன்ல நல்லாத்தான தெரியுது?"

"நீங்க நேரா நம்ம சைட்டுக்குள்ள போறீக. மத்தவக தேடிட்டுல்ல வர்றாக."

"அப்ப அதுக்கும் ஒரு கிடா நேந்துக்கிருவமா?"

எந்தக் கோயிலில் வெட்டுவது என்று தெரிந்திருந்தால் நானே வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அதன்பின் அவருக்குப் போன் செய்ய வெட்கப்பட்டு, தினமும் காலையில் தேடிப் பார்ப்பதே வேலையானது. ஒருநாள் நகல் மாறியிருந்தது. திராட்சை என்று தேடினால் அக்கா மேலே. துள்ளிக்கொண்டு கூப்பிட்டேன். பின்னணியில் ஒரே பிள்ளைகள் சத்தம்.

"மூணு ரூமும் நெறஞ்சு கெடக்கு தம்பி. திருவிழான்னு கேட்டுப் போன் பண்ணாகல்ல, முடிஞ்சுபோச்சுன்னு வைக்க மனசு வரல. ஆத்தா எங்கயும் போகல, கும்பிட்டுட்டு அப்பிடியே இங்கன வாங்க, பழம் பறிச்சுத் திங்கலாம்னேன். வந்துட்டாக."

சந்தோஷம் என்றேன், இனி திராட்சைக்காரர்களும் வருவார்கள், எல்லாம் மாறிவிட்டது என்றேன்.

"அப்ப திருவிழான்னு தேடுனா?"

"அதுல இனிமே வரமாட்டோம்க்கா."

"ஏந்தம்பி, உங்கள யாரு அத மாத்தச் சொன்னது?"

அன்றே திருவிழாவுக்குத் தனிப் பக்கம் ஒன்று ஏற்றினேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு: லீவு விட்டால் பக்கத்தைக் கழற்றாதீர்கள், மேலே ஒரு வரி எழுதுங்கள். கிராலருக்கு விரதம் தெரியாது. தப்பான நகலைப் பார்த்து யாராவது தப்பாகக் கூப்பிட்டால் 'ராங் நம்பர்' என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். இது எந்தக் கோர்ஸிலும் இல்லை. நான் இதைக் கற்றுக்கொண்டதே கஸ்டமரிடம் திட்டு வாங்கித்தான்.